7.62 என்று சொல்லி நிறுத்தாதீர்கள்

மிதிவெடியைப் பற்றி உங்களுக்குப் பயிற்சியில் எல்லாம் சொல்லித் தந்திருப்பார்கள். கவச அங்கியை எப்படிப் போடுவது, டிடெக்டரை எப்படி ஆட்டுவது, வெயிலில் மயங்கி விழாமலிருக்க எவ்வளவு தண்ணீர் குடிப்பது, எல்லாம். அதையே நானும் திருப்பிச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், எனக்கும் வாய் வலிக்கும். முழங்கால் இரண்டும் தேய்ந்து வீட்டில் இருக்கிறவளுக்கு வாய் ஒன்றுதான் மிச்சம், அதை வீணாக்க விருப்பமில்லை. ஆகவே நான் துப்பாக்கி ரவையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். ‘ரவையை மிதித்தால் வெடிக்காதே, அதற்கும் எங்களுக்கும் என்ன?’ என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் முன்னுக்கு வந்து இருங்கள்.

களத்தில் டிடெக்டர் கத்துவது பெரும்பாலும் மிதிவெடிக்கு அல்ல, ரவைக்கும் வெற்றுக் கோதுக்கும்தான். கோது என்றால் மருந்து அடைத்த உலோகக் குழாய். சுட்டதும் குண்டு முன்னால் போய்விடும், கோதைத் துப்பாக்கி வெளியே துப்பிவிடும். வெயிலில் முழங்காலில் நின்று, மண்ணை விரல் விரலாகக் கிளறி, கடைசியில் துருவேறிக் கறள் பிடித்த ஒரு கோது வந்தால் உங்களுக்கு எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. வாளிக்குள் எறிந்துவிட்டு அடுத்த சத்தத்துக்குப் போய்விடுவோம். யாராவது என்ன கிடைத்தது என்று வோக்கி டோக்கியில் கேட்டால் “செவின் சிக்ஸ் ரூ” என்று சொல்லி முடித்துவிடுவோம்.

அந்த முடிப்புத்தான் பிழை. ரவையின் பெயரில் இரண்டு எண்கள் உண்டு. முன்னால் வருவது குண்டின் பருமன், பின்னால் வருவது கோதின் நீளம், இரண்டும் மில்லிமீற்றரில். ரி-56 துப்பாக்கியின் ரவை 7.62 × 39. பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் ரவை 7.62 × 51. பி.கே. என்று எல்லாரும் சொல்லும் இயந்திரத் துப்பாக்கியின் ரவை 7.62 × 54, அதன் அடியில் மட்டும் சட்டியின் விளிம்பு மாதிரி ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றுக்கும் முன்பெயர் ஒன்றுதான், ஆனால் ஒன்றுக்குரியது மற்றதற்குள் போகாது. முன்பெயர் ஒன்று என்பதால் பருமனும் அச்சொட்டாக ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள், அதிலும் மயிரிழை வித்தியாசம் இருக்கிறது. ஓர் ஊரில் மூன்று சிவகுமார் இருந்தால் தகப்பன் பெயரையும் சேர்த்துத்தானே சொல்லுவோம்? ரவைக்கு மட்டும் ஏன் அந்தப் பஞ்சி, அந்தச் சோம்பல் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானா இருந்தார். யாழ்ப்பாண நகரத்துக்காரர், சின்ன வயதில் குடும்பத்தோடு துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தவர். பெயரைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கறள் பிடித்த கோதுகளைத் துணிப்பையில் போட்டு, பார்க்காமல் கையைவிட்டுப் பிரிக்கச் சொல்லி எங்களைச் சீண்டுவார். நீளத்தை நம்பாதே, நசிந்த கோது நீளத்தில் பொய் சொல்லும், பெருவிரல் நகத்தைப் பக்கவாட்டில் அடிவரை ஓட்டிப்பார், வெளியே தடக்கினால் விளிம்பு என்பார். நாங்கள் அவருக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்தோம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சாவகச்சேரியைக் கடந்து ஏ9 வீதியில் கிழக்கே போனால், தென்பக்கம் இறங்கிப் பிறகு கிழக்கே திரும்புகிற ஒரு குறுகலான மணல் ஒழுங்கை. அந்த ஒழுங்கையின் வடக்கு ஓரத்தில் துரைசிங்கம் ஐயாவின் காணி. ஐயாவும் மனைவியும் நெடுங்காலம் நீர்வேலியில் வாடகைக்கு இருந்து, மற்றவர்களின் வாழைத்தோட்டத்தில் கூலிக்கு நின்று, வயது போன பிறகு தங்கள் மண்ணுக்குத் திரும்பியவர்கள். காணிக்கு அப்பால், இன்னும் வடக்கே, பழைய காவலரண் ஒன்று. அதன் மண் அணையை யாரோ மணலுக்காக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பனங்குற்றி நாலைந்தும் ஒரு பள்ளமும்தான் மிச்சம். அது எந்தப் பக்கம் பார்த்த காவலரண் என்று பார்வையில் சொல்ல முடியாது.

எங்களுக்கு அதுதான் தேவை. யார் இருந்தது, யார் சுட்டது என்பது எங்கள் வேலையில் இல்லை. எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்பது வேண்டும். பார்த்த பக்கத்தில்தான் மிதிவெடி வரிசை இருக்கும். தன் முதுகுக்குப் பின்னால், தான் சாப்பாட்டுக்குப் போய்வரும் வழியில், யாரும் புதைக்கமாட்டார்கள்.

எங்களுக்கு முன்னர் அங்கே மதிப்பாய்வு செய்த அணி, காவலரணைச் சுற்றிப் பார்த்தபோது கிழக்குப் பக்கத்தில் கோதுகள் குவிந்து கிடந்தனவாம். “செவின் சிக்ஸ் ரூ, கிழக்காலை, நிறைய” என்று வோக்கியில் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர் ரி-56 என்று எடுத்துக்கொண்டார். நாங்கள் காண்பது பெரும்பாலும் அதுதான், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ரி-56 கோதை வலப்பக்கம் எறியும். கோது கிழக்கே கிடந்தால் சுட்டவனின் வலது கை கிழக்கே, ஆகவே முகம் வடக்கே. வடக்குப் பற்றைக்காடு ஆபத்து, தெற்கே இருக்கும் காணி சுத்தம். ஐயா தன் காணியின் ஒழுங்கைக் கரையில் மாடு கட்டுகிறார், விறகு பொறுக்குகிறார், ஒன்றும் நடக்கவில்லை என்பதும் அதற்கு ஒத்துப்போனது. நாங்கள் வடக்கில் வேலை தொடங்கினோம். ஐயா தெற்கில், காணியின் மேல் பாதியை, அதாவது காவலரணுக்குக் கிட்டவான வடக்குப் பாதியை, மூடியிருந்த நாயுண்ணிப் பற்றைக்கு நெருப்பு வைத்துக் காணியைத் துப்புரவாக்கினார்.

வடக்கில் நாங்கள் தேடித் தேடி ஒன்றும் வரவில்லை. வெறும் மண். என் அணிப் பெட்டையள் பகிடி விட்டார்கள், சம்பளத்தோடு தோட்டம் கொத்துகிறோம் என்று. நான் மட்டும் காவலரணைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு பெரிய காவலரணுக்கு முன்னால் ஒன்றுமே இல்லையா?

ஒரு நாள் காலை பழைய இரும்புகளை ஒப்படைக்க வேண்டும் என்று, முன்னைய அணி விட்டுப்போன வாளியை நிலத்தில் விரித்த படங்கில் கொட்டினேன். முக்கால்வாசி நசிந்து, கறள் ஏறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. ஒன்றை எடுத்து மண்ணைத் தட்டினேன். சும்மா, கை பழக்கத்தில், நகத்தை அடிவரை ஓட்டினேன். தடக்கியது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் தடக்கியது. படங்கில் கிடந்த எதை எடுத்தாலும் தடக்கியது. அடியில் ஒரு துண்டு இரும்பு நாடாவும் கிடந்தது, பி.கே.க்கு ரவை கோக்கிற நாடா.

பி.கே. கோதை இடப்பக்கம் துப்பும். நான் எழும்பி, படங்குக்குப் பக்கத்தில் வடக்கே பார்த்து நின்றேன், பிறகு தெற்கே திரும்பி நின்றேன். இடது கை கிழக்கே இருக்க வேண்டுமானால் முகம் தெற்கே. தெற்கே பார்த்த அந்த நிலையில் என் கண்ணுக்கு நேரே தெரிந்தது ஐயாவின் காணி. அந்த நேரத்தில்தான் அங்கிருந்து ட்ரக்டர் சத்தம் கேட்டது.

மேற்பார்வையாளர் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நல்ல மனிதர், ஆனால் அலுவலகம் கேட்கப்போகும் கேள்வியை முதலில் யோசிக்கிறவர். சுத்தம் என்று நாங்களே சொன்ன காணியை இப்போது எப்படி மறிப்பது என்றார். பி.கே. சுடுகிற அதே ரவையைத்தான் சினைப்பர் துப்பாக்கியும் சுடும், அது வலப்பக்கம்தானே எறியும் என்றார். அது சரிதான். அதை அவர் அறிந்திருந்ததற்கு நான் மெச்சவும் வேண்டும்.

“சினைப்பர் வாளிக் கணக்கிலை சுடமாட்டான் அண்ணை. நாடாவைப் பாருங்கோ” என்றேன்.

அவர் நாடாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை, குறியிட்ட எங்கள் பாதையால் ஒழுங்கைக்கு இறங்கிச் சுற்றிப் போனேன். ஓடவில்லை. ஓடக்கூடாது என்பது விதி, அன்றைக்கு அது விதியாக இல்லை, வதையாக இருந்தது.

வேலியடியில் ஐயாவின் மனைவி தேத்தண்ணிப் போத்தலோடு நின்றார். ஐயா தனியே ட்ரக்டரில். ஒழுங்கைக் கரையிலிருந்து வடக்கே போவதும் திரும்பி வருவதுமாக உழுதுகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் மேல் எல்லையைக் கொஞ்சம் கூட நெருங்கித்தான் திரும்பினார். நான் போனபோது அவர் மேல் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார், முதுகு எங்களுக்கு.

இப்போது சொல்லுங்கள், நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? விசிலை ஊதுவீர்கள், கத்துவீர்கள், சிவப்புக் கொடியை ஆட்டுவீர்கள். நானும் விசிலை வாயில் வைத்தேன். வைத்த பிறகுதான் அந்த மனிதர் யார் என்பது ஞாபகம் வந்தது. எங்கள் ஆட்களைத் தெரியும்தானே. யாரும் கூப்பிட்டால் உயரத்தில் இருந்துகொண்டு பதில் சொல்லமாட்டார்கள், அது மரியாதைக்கேடு. இயந்திரத்தை நிற்பாட்டி, இறங்கி, தோளில் கிடக்கும் சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு, நடந்து கிட்ட வந்துதான் “என்ன பிள்ளை?” என்று கேட்பார்கள். துரைசிங்கம் ஐயா என்னை விட எவ்வளவு மூத்தவர், ஆனாலும் எங்கள் வாகனத்தைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கிறவர். நான் இப்போது விசில் ஊதினால் அவர் மேல் கரையில் இறங்குவார். இறங்கி, அங்கிருந்து என்னிடம் நடந்து வருவார்.

விசிலை வாயிலிருந்து எடுத்தேன். பக்கத்தில் ஐயாவின் மனைவி, அந்த அம்மா, அவருக்குத் தேத்தண்ணி காட்டிக் கூப்பிடுவதற்குக் கையைத் தூக்கினார். நான் அந்தக் கையை எட்டிப் பிடித்துக் கீழே இழுத்தேன். கொஞ்சம் பலமாகத்தான் இழுத்துவிட்டேன். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். இப்போது கூப்பிட வேண்டாம், அசையவும் வேண்டாம் என்று மெல்லச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

என் வேலைக்காலம் முழுவதிலும் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான். ஒன்றும் செய்யாமல் நின்றது. டயர் உருள உருள, அடுத்த கணம் சத்தம் கேட்கப்போகிறது என்று உடம்பு தன்பாட்டில் இறுகுகிறது. வோக்கியில் அண்ணை ஏன் இன்னும் நிற்பாட்டவில்லை என்று கத்துகிறார். ட்ரக்டர் மேல் கரையில் வளைந்தது, கருகிய பற்றைத் தடிகள் முறிகிற சத்தம் கேட்டது. பிறகு முகம் எங்களுக்கு நேரே திரும்பியது. கிட்ட வந்தது. இன்னும் கிட்ட வந்தது.

ஐயா எங்களைக் கண்டுவிட்டார். வேலிக்கு ஒரு தென்னை தூரம் இருக்கும்போதே, நினைத்தபடி, இயந்திரத்தை நிற்பாட்டினார். ஒரு காலைத் தூக்கினார்.

“ஐயா, இருங்கோ” என்றேன். “அப்பிடியே இருங்கோ. நான்தான் அங்கை வாறன்.”

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. இறங்காதே என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்க இறங்கியிருப்பார். வெடி என்று கத்தியிருந்தால் பாய்ந்திருப்பார். நான் வருகிறேன் என்று சொன்னபோது, வருகிறவளுக்காகக் காத்திருப்பதுதான் மரியாதை. காலைத் திரும்ப உள்ளே வைத்து இருக்கையில் இருந்தார்.

ட்ரக்டரை அப்படியே முன்னுக்கு, வேலிவரை எடுக்கச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். கலப்பை புரட்டிய மண்ணில் எது எங்கே இழுபட்டுக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது, வரத்தான் வேண்டும். அண்ணையும் அதற்குள் டிடெக்டரோடு வந்து சேர்ந்து, என் கவச அங்கியின் பட்டியைக் கட்டிவிட்டார். வேலியிலிருந்து முழங்காலில் இறங்கி, புரண்ட மண்ணைச் சாண் சாணாகப் பார்த்துக்கொண்டு அந்த மனிதரை நோக்கிப் போனேன். வெயில் உச்சிக்கு ஏறியது. அவர் மேலே தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ட்ரக்டர்வரை ஒன்றும் இல்லை. ஒரு கோதுகூட இல்லை.

குறியிட்ட பாதையால் அவரைப் பின்னால் நடத்திக் கொண்டுவந்தேன். ஒழுங்கைக்கு வந்ததும் நின்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

“வெடி முடிஞ்சால் உங்களுக்கு வேலை முடிஞ்சிடும் எண்ட பயமோ, பிள்ளை? நாங்கள் கும்பிட்டு உழத் தொடங்கின நாளிலையோ வந்து மறிக்கிறியள்?”

அந்தச் சொல் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. ஏனென்றால் அந்தக் கணத்தில் அவர் சரியாகவும் நான் பிழையாகவும் இருந்திருக்கலாம். என்னிடம் இருந்தது ஒரு வாளிக் கோதும் ஒரு துண்டு நாடாவும் ஓர் இடது கையும்தான். பிள்ளைகளே, இந்த வேலையில் தீர்மானம் எடுக்கும்போது கையில் இருப்பது எப்போதும் அவ்வளவுதான். போதாது என்று தோன்றும். அதை வைத்துக்கொண்டுதான் ஒரு வயோதிபரின் நிலத்தை மறிக்க வேண்டும், அவர் வாயால் கேட்பதையும் கேட்க வேண்டும்.

அண்ணை அன்றைக்கு எனக்குச் செய்த பெரிய காரியம், போதும் நிற்பாட்டு என்று சொல்லாதது. உழாத கிழக்கு எல்லையோரமாக மேலே போ என்றார். பற்றை எரிந்த பக்கம் அது. நிலம் முழுக்கக் கறுப்புச் சாம்பல். போகப் போக அந்தச் சாம்பலில் காலடி தெரிந்தது. வெறுங்கால். இரண்டு பேரின் கால். பெரிய கால் முன்னால், சின்னக் கால் பின்னால், வடகிழக்கு மூலையை நோக்கிப் போய், அதே பக்கமாகத் திரும்பி வந்திருந்தது. சாம்பல் மென்மையாக இருந்ததால் ஒவ்வொரு விரலும் அச்சாகப் பதிந்திருந்தது. அடிகளின் ஓரம் இன்னும் உதிரவில்லை. அன்றைய அடிகள்.

மேல் எல்லைக்குக் கிட்டப் போகும்போது டிடெக்டர் மெல்லிய சத்தம் போட்டது. கோதுக்கு அது அப்படிக் கத்தாது. சாம்பலை ஒதுக்கி, மணலைப் பக்கவாட்டில் சுரண்டினேன். பச்சை நிறம், உள்ளங்கை அளவு வட்டம், மேல்மூடி கொஞ்சம்கூடச் சிதையாமல், நேற்றுப் புதைத்த மாதிரி. அதற்குப் பக்கத்தில் அந்தப் பெரிய காலின் குதி பதிந்திருந்தது. குதிக்கும் மிதிவெடிக்கும் நடுவே என் நான்கு விரல்களை வைக்கலாம். ஐந்தாவது விரலுக்கு இடமில்லை. என் மூச்சு முகக்கண்ணாடியில் பட்டு ஒன்றும் தெரியாமல் போனது. கையை எடுத்துவிட்டு, கண்ணாடி தெளியும்வரை அப்படியே முழங்காலில் இருந்தேன்.

அதற்கு அடுத்தது ஒரு முழம் தள்ளி. அதற்கும் அடுத்தது அதே இடைவெளியில். வரிசை கிழக்கு மேற்காகப் போனது, பி.கே. பார்த்த முகத்துக்கு நேர் குறுக்கே. அந்த இரண்டு பேரின் காலடிகள் வரிசையை ஊடறுத்துப் போயிருந்தன, திரும்பி வரும்போது வேறோர் இடைவெளியால் வந்திருந்தன. சின்னக் கால் ஓரிடத்தில் கொஞ்சம் நின்று, விலகி, நடந்திருந்தது. மூலையில் ஒரு செங்கல். அதன்மேல் கற்பூரம் எரிந்த கறுப்பு. இரண்டு பக்கமும் உடைந்த தேங்காய்ப் பாதிகள், தண்ணீர் தெறித்த ஈரம் சாம்பலில் காயாமல்.

நான் திரும்பி வந்தேன். கவச அங்கியைக் கழற்றவில்லை. ஐயாவும் அம்மாவும் ஒழுங்கையில்தான் நின்றார்கள். எத்தனை என்று அண்ணை கேட்டார், இதுவரை கண்டதைச் சொன்னேன். ஐயாவின் கையிலிருந்த சால்வை நழுவி விழுந்தது, அவர் குனிந்து எடுக்கவில்லை.

ஈசான மூலைக்கு யார் போனது என்று கேட்டேன். கேட்காமலே எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டேன்.

“விடியக் காலமை நானும் இவவும்தான்” என்றார் ஐயா. “உழ முந்திக் கற்பூரம் கொளுத்தவேணும் எல்லோ. செருப்புப் போடாமல் போகவேணும் எண்டு இவதான் சொன்னவ.”

அம்மா ஒழுங்கை மணலில் அப்படியே உட்கார்ந்தார். சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி, வலது காலைத் தூக்கி மற்றத் தொடைமேல் வைத்தார். உள்ளங்காலில் சாம்பல் இன்னும் கறுப்பாக ஒட்டியிருந்தது. அதை அவர் துடைக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.